‘இன்செக்யூர் கன்டென்ட்’டை ‘அலோ’ செய்யச் சொன்னால் செய்யாதீர்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் கேட்டரிங் நடத்தும் ஒருவர், தீபாவளி ஆர்டருக்கு முன் தம் இணையத்தளத்தில் ‘எஸ்எஸ்எல் போட’, அதாவது பாதுகாப்புச் சான்றிதழ் பொருத்த, ஒரு நிறுவனத்திடம் பல நூறு வெள்ளி கொடுத்தார். தள முகவரி எச்டிடிபியிலிருந்து, போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியது. அத்தோடு ஆர்டர் படிவம் படுத்துவிட்டது. தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டர் திறக்கவில்லை, எத்தனை தட்டு என்று போட்டாலும் மொத்தத் தொகை வரவில்லை. புகார் சொன்னதும் நிறுவனத்தார் தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் எனிடெஸ்க் செயலி வழியாகக் கடைக் கணினிக்குள் வந்து குரோமில் எதையோ மாற்றினார்கள். அங்கே பக்கம் வேலை செய்தது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் செய்தியும் எழுதிக் கொடுத்தார்கள்: “பக்கம் சரியாக வரவில்லை என்றால் சைட் செட்டிங்ஸ் போய் இன்செக்யூர் கன்டென்ட்டை அலோ செய்யவும்.”

இப்படி ஒரு செய்தி எந்தக் கடையிலிருந்து வந்தாலும் அதன்படி செய்யாதீர்கள். கோளாறு உங்கள் பிரவுசரில் இல்லை, அவர்களுடைய தளத்தில் இருக்கிறது.

பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தாலும், அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட், ஸ்டைல் ஃபைல், ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்), படம் எல்லாம் தனித்தனியாக இறங்குகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு பழைய எச்டிடிபி முகவரியிலேயே கிடந்தால் அதற்குப் பெயர் மிக்ஸ்ட் கன்டென்ட். எச்டிடிபியில் வருவதை நடுவில் இருப்பவர் படிக்கலாம், மாற்றியும் அனுப்பலாம். ஸ்கிரிப்ட்டை ஒருவர் மாற்றிவிட்டால் பக்கம் முழுவதும் அவர் கையில்: படிவத்தில் நீங்கள் தட்டும் முகவரி, கைப்பேசி எண், அட்டை எண் எதையும் எடுக்கலாம். அதனால்தான் ஃபயர்ஃபாக்ஸ் 2013ல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்தே இத்தகைய ஸ்கிரிப்ட்டை நிறுத்திவைக்கிறது. குரோம், எட்ஜ், சஃபாரி எல்லாம் இன்று அதையே செய்கின்றன. படங்களை முதலில் எச்டிடிபிஎஸ் முகவரியில் கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் காட்டாது. குரோமில் ‘அலோ’ கொடுத்த தளத்துக்கு இந்த இரண்டு காவலும் போய்விடும்.

படம்தானே என்று விட்டுவிட வேண்டாம். அந்தக் கேட்டரிங் பக்கத்தில் பணம் அனுப்புவதற்கான பேநவ் கியூஆர் படமும் எச்டிடிபியில்தான் இருந்தது. கடைத்தொகுதியில் கடவுச்சொல் கேட்காத வைஃபையில், அல்லது அதே பெயரில் ஒருவர் வைத்திருக்கும் போலி வைஃபையில் உட்கார்ந்து, ‘அலோ’ கொடுத்த பிரவுசரில் நீங்கள் ஆர்டர் செய்தால், அந்தப் படத்துக்குப் பதில் வேறொரு கியூஆரை நுழைப்பது கடினமான வேலை அல்ல. எந்த கியூஆரை ஸ்கேன் செய்தாலும் வங்கிச் செயலியில் வரும் பெறுநர் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

பூட்டுச் சின்னத்துக்காகத்தான் கடைக்காரர் காசு கொடுத்தார். ‘அலோ’ செய்து பாதுகாப்பில்லாத ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் குரோம் முகவரிப் பட்டையில் ‘நாட் செக்யூர்’ என்றே காட்டும். ஐபோன் சஃபாரியில் இப்படி அனுமதிக்க பொத்தானே கிடையாது. ஆக, ஐபோன் வாடிக்கையாளர்கள் அந்தச் செய்தியைப் படித்தாலும் ஆர்டர் செய்ய முடியாது. வேலை தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே அப்படி ஒரு செய்தியை எழுதிக் கொடுத்தது எங்களுக்குக் கோபத்தைத் தருகிறது.

ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழையபடி வைப்பது எளிது. குரோமில் அந்தத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கச் சின்னத்தை அழுத்தி, சைட் செட்டிங்ஸ் போய், கீழே இன்செக்யூர் கன்டென்ட் வரியில் ‘பிளாக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். வேறு எந்தெந்தத் தளங்களுக்கு அனுமதி கிடக்கிறது என்று பார்க்க, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், கடைசியில் கூடுதல் கன்டென்ட் செட்டிங்ஸ் என்று போனால் இன்செக்யூர் கன்டென்ட் பட்டியல் இருக்கும். அனுமதிப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். எட்ஜிலும் ஏறக்குறைய இதே வழிதான். இந்த அனுமதி தானாகக் காலாவதியாகாது. நீங்கள் எடுக்கும்வரை அப்படியே கிடக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் பூட்டை அழுத்தித் தடுப்பைத் தற்காலிகமாக விலக்கியிருந்தால் பெரிய கவலை இல்லை. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் தட்டித் திறக்கும் உள் அமைப்புப் பக்கமான அபௌட்:கான்ஃபிக்கில் யாராவது கைவைத்திருந்தால்தான் வில்லங்கம், ஏனென்றால் அது எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும். அங்கே தேடலில் மிக்ஸ்ட் கன்டென்ட் என்பதை ஆங்கிலத்தில், இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு போட்டுத் தேடுங்கள். ‘பிளாக் ஆக்டிவ் கன்டென்ட்’ என்று முடியும் வரி ‘ட்ரூ’ என்று இருக்க வேண்டும். மாற்றப்பட்ட வரி தடித்த எழுத்தில் தெரியும், வலப்பக்க அம்புக்குறி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

இவற்றைவிட மோசமானது, அந்தக் கடைக் கணினியில் நாங்கள் கண்டது. டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், டார்கெட் பெட்டியில் குரோம் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘அலோ ரன்னிங் இன்செக்யூர் கன்டென்ட்’ என்ற கட்டளை ஒட்டியிருந்தது. அந்த ஷார்ட்கட்டில் திறக்கும்வரை எந்தத் தளத்திலும் அந்தத் தடுப்பு இல்லை, கடையின் வங்கிக் கணக்கைத் திறக்கும் தளம் உட்பட. சைட் செட்டிங்ஸில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். முகவரிப் பட்டையில் குரோம்://வெர்ஷன் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, ‘கமாண்ட் லைன்’ வரியைப் படித்தால்தான் பிடிபடும். டார்கெட்டில் மேற்கோள் குறி முடிந்த பிறகு இருப்பதை அழித்து, குரோமை முழுக்க மூடித் திறங்கள். எனிடெஸ்க்கில் நிரந்தர அனுமதிக்குக் கடவுச்சொல் வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்து நீக்கிவிடுங்கள்.

கடை நடத்துகிறவர்களுக்கு: சரியான வேலை என்பது தளத்தில் நடப்பது. எஃப்12 அழுத்தி, பிரவுசர் தன் எச்சரிக்கைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தால், தடுக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பின் முகவரியும் ‘மிக்ஸ்ட் கன்டென்ட்’ என்ற தலைப்போடு வரிசையாக வரும். அதுதான் வேலைப்பட்டியல். வேர்ட்பிரஸ் தளம் என்றால் ஜெனரல் செட்டிங்ஸில் உள்ள இரண்டு முகவரிகளையும் எச்டிடிபிஎஸ் ஆக்கிவிட்டு, தரவுத்தளத்தில் பழைய முகவரிகளை அதற்கென்ற தேடல்-மாற்றுக் கருவியால் மாற்ற வேண்டும். நேரடி எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை) வரியால் மாற்றினால், எழுத்து எண்ணிக்கையோடு சேமிக்கப்பட்ட விட்ஜெட், தீம் அமைப்புகள் உடையும். தீம் கோப்பில் கையால் எழுதிய முகவரிகள் தனி. இவ்வளவும் முடியும்வரை ‘அப்கிரேட் இன்செக்யூர் ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற ஒரு வரி ஹெடர் தாங்கும்: பக்கத்தோடு சர்வர் அனுப்பும் அந்த வரி, எல்லாக் கோப்பையும் எச்டிடிபிஎஸ்ஸில் கேட்கும்படி பிரவுசருக்குச் சொல்லும். ஆனால் எச்டிடிபிஎஸ்ஸே இல்லாத வெளி சர்வரிலிருந்து வரும் கோப்புக்கு அது உதவாது, அதை உங்கள் சர்வருக்கே கொண்டுவர வேண்டும்.

சான்றிதழுக்கென்றே பெருந்தொகை கேட்டால் காரணம் கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமே போட்டுத் தானாகப் புதுப்பிக்கின்றன. உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம்தான். அப்படியானால் ‘கன்சோலில் மிக்ஸ்ட் கன்டென்ட் எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும்’ என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள்.

வேலையை முடித்துத் தராமல் இழுத்தடித்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் வர முடியாது. ரசீது, கன்சோல் ஸ்கிரீன்ஷாட், ‘அலோ செய்யவும்’ என்று அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். வாடிக்கையாளர் யாராவது தவறான கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் முதல் அழைப்பு அவருடைய வங்கிக்கு, அடுத்து காவல்துறையில் புகார். மோசடியா என்று சந்தேகம் மட்டும் இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.