ஏஜென்சியா, மகளா, மையமா? அமெரிக்காவில் வசதி குறைந்த சிறுபான்மை முதியோரை வீட்டில் வைத்துப் பார்ப்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்காவில் மெடிக்கேர் வேறு, மெடிக்கெய்டு வேறு. முன்னது முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, பின்னது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி. வெளியே நடமாட முடியாத முதியவருக்கு நர்ஸ், பிசியோதெரபி என்று அவ்வப்போது வீட்டுக்கு ஆள் அனுப்புவது மெடிக்கேர். குளிக்க, உடுத்த, சமைக்க மட்டும்தான் உதவி வேண்டும் என்றால் அது கையை விரித்துவிடும். வருமானம் குறைந்தவர்களுக்கு அந்தச் செலவை ஏற்பது மெடிக்கெய்டு. அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. தகுதியுள்ளவருக்கு நர்சிங் ஹோம் செலவை மாநிலம் கொடுத்தே ஆகவேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்க 1981ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய கதவைத் திறந்துவிட்டாலும், எவ்வளவு திறப்பது என்பது பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பம். பல இடங்களில் காத்திருப்புப் பட்டியல்தான்.

மெடிக்கெய்டின் வீட்டு உதவி கிடைத்தவர்களுக்கு மூன்று வழிகள்: ஏஜென்சி அனுப்பும் ஆள், தானே அமர்த்திக்கொள்ளும் ஆள், பகல்நேர மையத்தை நடுவில் வைத்த பேஸ் திட்டம். எனக்கு இரண்டாவதன் மேல் சாய்வு உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஏஜென்சியின் பெரிய பலம், வரவேண்டியவருக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆள் தேடுவது அவர்கள் தலைவலி. சம்பளக் கணக்கும் பயிற்சியும் அவர்கள் பாடு. இடறுவது மொழியில். அரசுப் பணம் வாங்கும் நிறுவனங்கள் மொழி உதவி தரவேண்டும் என்பது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்திலிருந்து வந்த கடமை. சரி, போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். டாக்டரிடம் பேச அது போதும். குளியலறையில் கால் வழுக்கும்போது வியட்நாமியப் பாட்டி "பிடி" என்று கத்துவதை யார் போன் போட்டு மொழிபெயர்ப்பது? கூலி குறைவு என்பதால் ஆட்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். புதிய முகம் வரும்போதெல்லாம் கூச்சத்தை விழுங்குவது முதியவர்தான். வருகிறவரும் பெரும்பாலும் குடியேறிய பெண்ணோ கறுப்பினப் பெண்ணோதான், அவரும் அதே வறுமையின் இன்னொரு முனையில் நிற்பவர்.

இரண்டாவது வழியில் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வேண்டாமென்று அனுப்புவதும் முதியவர் கையில். கலிபோர்னியாவின் ஐஎச்எஸ்எஸ் என்ற வீட்டு உதவித் திட்டத்தில் மாதத்துக்கு 283 மணி நேரம் வரை தரலாம். அங்கே மகளுக்கு மட்டுமல்ல, கணவனுக்கோ மனைவிக்கோகூடச் சம்பளம் கிடைக்கும். நியூயார்க்கின் திட்டத்தில் பிள்ளைகளுக்கு உண்டு, வாழ்க்கைத் துணைக்குக் கிடையாது. 1990களின் கடைசியில் ஆர்கன்சா, நியூஜெர்சி, புளோரிடாவில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். உதவிக்கான பணத்தைத் தாங்களே கையாண்டவர்களுக்கு, ஏஜென்சியை நம்பியிருந்தவர்களைவிட அதிகத் திருப்தி. உதவி கிடைக்காமல் தவித்ததும் குறைவு. எப்படியும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைக்கு மகளுக்கு ஒரு வருமானம் வருகிறது என்பதும் சின்ன விஷயமில்லை.

ஆனால் மகளுக்கே காய்ச்சல் வந்தால்? மாற்று ஆளை அவளே தேட வேண்டும். மணிக்கணக்குப் படிவமும் அவள் தலையில். மகன் பார்த்துக்கொள்கிற லட்சணம் சரியில்லை என்றால், பெற்றவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? இன்னொன்று, எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்ய அதிகாரி வீட்டுக்கு வருவார். அன்றைக்குப் பார்த்து வீட்டைப் பெருக்கி, நல்ல சட்டை போட்டு, "எல்லாம் நானே செய்துகொள்வேன்" என்று விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொல்லிவிடுவார் தாத்தா. மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையில் மணிகள் போய்விடும். மோசமான நாளில் எப்படி இருக்கிறார் என்பதை வீட்டார் எழுதி வைத்திருந்து காட்ட வேண்டும்.

மூன்றாவதான பேஸ் பிறந்தது சிறுபான்மையினர் தெருவில்தான். 1970களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவின் சைனாடவுன் பகுதி முதியோருக்காக ஆன் லோக் என்ற அமைப்பு தொடங்கிய முயற்சி அது. 1997இல் மெடிக்கேரின் நிரந்தரத் திட்டமாயிற்று. 55 வயதாகி, நர்சிங் ஹோமில் சேர்க்கும் அளவுக்கு உதவி தேவைப்பட்டும் வீட்டில் பாதுகாப்பாக வாழ முடிகிறவர் சேரலாம். டாக்டர், மருந்து, வேன், பகல்நேர மையம், வீட்டு உதவி எல்லாம் ஒரே குழுவிடம். பகலில் வீட்டில் யாருமே இல்லாதவருக்கு இதற்கு இணை கிடையாது. பழகிய டாக்டரை விட்டு அவர்கள் டாக்டரிடம் மாற வேண்டியிருக்கலாம் என்பதுதான் பலருக்கு உறுத்தும். எல்லா ஊரிலும் கிடைக்காது என்பது அதைவிடப் பெரிய குறை.

மெடிக்கெய்டே கிடைக்காதவர்களும் உண்டு. கிரீன் கார்டு வாங்கி வந்த பெற்றோரில் பலர் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவர்கள் உள்ளூர் முதியோர் நல அலுவலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். வசதி குறைந்த சிறுபான்மை முதியோருக்குத் தனிக் கவனம் தரவேண்டும் என்று 1965ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்திலேயே இப்போது எழுதியிருக்கிறது. ஆனால் கிடைப்பது வீட்டுக்கு வரும் சாப்பாடு, கொஞ்சம் வீட்டு வேலை உதவி, அவ்வளவுதான்.

அப்புறம் விண்ணப்பிக்கும் முன் பலர் கேட்க மறக்கும் கேள்வி: வீடு யார் பெயரில் இருக்கிறது? 55 வயதுக்குப் பின் மெடிக்கெய்டில் வாங்கிய இத்தகைய உதவியின் செலவை, அவர் இறந்த பிறகு சொத்திலிருந்து மாநிலம் திரும்பக் கேட்கலாம். துணைவர் உயிரோடு இருக்கும்வரை கேட்க முடியாது. கஷ்டத்தைக் காட்டி விலக்குக் கேட்கவும் வழி உண்டு. இரண்டு தலைமுறை உழைத்துச் சேர்த்த ஒரே சொத்து அந்த வீடு என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு தடவை விசாரித்துவிடுவது நல்லது.