சாயமருந்து தோலுக்கடியில் கசிந்தால்: ஐஸ் ஒத்தடமா, சுடு ஒத்தடமா?

சி.டி. ஸ்கானில் பம்ப், செக்கனுக்கு 4 மில்லிலீற்றர் வேகத்தில் சாயமருந்தை (படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்து) ஏற்றும்போது, கனுலாவின் (நாளத்துக்குள் செருகும் மெல்லிய குழாய்) நுனி நாளத்தைவிட்டு விலகினால், 25 செக்கனில் 100 மில்லிலீற்றர் தோலுக்கடியில் இறங்கிவிடும். ஒத்தடத்துக்கு முன்னரே பம்பை நிறுத்தி, கனுலாவைக் கழற்றி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் உயர்த்தி வையுங்கள். காப்பு, மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கியபின் வராது.

ஐஸ் குருதிக்குழாயைச் சுருக்கி நோவையும் அழற்சியையும் தணிக்கும். சூடு குழாயை விரித்து, மருந்தை உடல் வேகமாக உறிஞ்ச உதவும் என்பது கணக்கு. எது மேல் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ஐரோப்பிய வழிகாட்டி ஐஸ் வைக்கச் சொல்கிறது. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் கைநூல் இரண்டுக்கும் இடம் விடுகிறது.

எங்கள் தெரிவு ஐஸ். நீரிழிவால் உணர்வு மங்கிய கையில் சுடுநீர்ப்பை பொக்குளம் போட்டால், அது சூட்டினாலா மருந்தினாலா என்று பிரித்தறிய முடியாது. பொக்குளமோ சத்திரசிகிச்சை நிபுணரைக் கூப்பிட வேண்டிய அறிகுறி. ஐஸை நேரே தோலில் வைக்காமல் துவாயில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து எடுங்கள். குளிர்ந்த விரலில் இரத்த ஓட்டம் மந்தமாகத் தெரியும். ஆகவே ஐஸை எடுத்துச் சில நிமிடம் விட்டே நகத்தை அழுத்திப் பாருங்கள். 2 செக்கனில் சிவப்புத் திரும்ப வேண்டும்.

ஊசியால் உறிஞ்சி எடுப்பதில் பலன் குறைவு. மருந்து திசுக்களுக்குள் பரவிவிடும். கசிந்த மருந்தைத் திசுவில் பரவவிட்டு உறிஞ்ச உதவும் என்று போடப்படும் ஹயலுரோனிடேஸ் ஊசிக்கும் வலுவான ஆதாரம் இல்லை.

வார்ட்டில் மறிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதில்தான் கவனம் வேண்டும். கசிந்த அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏறிக்கொண்டே போகும் வீக்கமும் நோவும், விறைப்பு, விரலை நீட்டும்போது கடும் வலி, பொக்குளம்: ஒன்று தெரிந்தாலும் சத்திரசிகிச்சைப் பிரிவு பார்க்க வேண்டும். தசையறைக்குள் (தசைகளைச் சூழ்ந்த இறுக்கமான உறைக்குள்) அழுத்தம் ஏறினால் மணித்தியாலங்களில் தசை செத்துவிடும். தோல்புண் 6 மணித்தியாலத்திலேயே தொடங்கலாம். வவுனியா நகரவாசி நோவு குறைந்தபின் வீடு போகலாம்; இரவானால் பஸ் இல்லாத நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தவரை அன்றிரவு வார்ட்டில் மறிப்பதே சரி. அனுப்புவதானால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

வேகமாக ஏற்றுவதானால் முழங்கை மடிப்பில் 20 கேஜ் அளவுக் கனுலா போட்டு, முதலில் சேலைன் தள்ளிப் பாருங்கள். செல் (எறிகணை) காயத் தழும்புள்ள கையையும், டயாலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த பிஸ்டுலா உள்ள கையையும் தவிருங்கள்.

எந்தக் கை, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கு என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். இரவில் பார்க்கும் டொக்டர் அதை வைத்துத்தான் கணிப்பார்.