இமேஜ் நாஸில் இருக்கிறது, கணினி திரும்ப வருமா? விண்டோஸ், மேக்ரியம், வீம், குளோன்சில்லா: ஓர் ஒப்பீடு

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு துணிக்கடை. கடையின் நான்கு கணினிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், பில் போடும் கணினியின் எஸ்எஸ்டி, அதாவது விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் டிஸ்க், செத்துப்போனது. காலை எட்டரைக்குக் கடைக்கார அக்காவின் போன்: "தம்பி, பசியாறிட்டியா? இல்லைன்னா இங்க வந்து ஆறிக்கலாம். கம்பியூட்டர்ல கருப்பா எழுத்து மட்டும்தான் வருது, உடனே வா."

நான் பதறவில்லை. மாடிப்படிக்கு அடியில் இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் (கடை நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) இருந்தது, முந்தின இரவு எடுத்த இமேஜும், அதாவது டிஸ்க்கின் முழு நகலும், அதில் முழுசாக இருந்தது. புது எஸ்எஸ்டி மாட்டி, மீட்புப் பென்டிரைவில் (டிஸ்க் செத்தாலும் கணினியைத் தொடங்கிவைப்பது) பூட் செய்து, நாஸின் முகவரியைத் தட்டினேன். பாதை கிடைக்கவில்லை என்றது. பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணைக் கொடுத்தேன், அதே பதில். கட்டளைத் திரையில் ஐபி-கான்ஃபிக் அடித்துப் பார்த்தால், லேன் கார்டே பட்டியலில் இல்லை. அந்தப் பென்டிரைவைச் செய்த பிறகு கணினிக்கு மதர்போர்டு மாற்றியிருந்தோம். புதியதில் இருந்த 2.5 கிகாபிட் லேன் சிப்புக்குப் பென்டிரைவில் டிரைவர், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், இல்லை. பத்தடி தூரத்தில் இமேஜ் இருக்கிறது, கை எட்டவில்லை.

டிரைவரை வேறு மடிக்கணினியில் இறக்கினால், கிடைப்பது இன்ஸ்டால் செய்யும் கோப்பு. மீட்புச் சூழலில் அது வேலைக்கு ஆகாது. அதற்குள்ளிருக்கும் ஐஎன்எஃப் கோப்பைப் பிரித்தெடுத்து, டிஆர்வி-லோட் கட்டளையால் ஏற்ற வேண்டும். அதைத் தேடிப் பிடித்து ஏற்றுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கீழே கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விண்டோஸ் வகை மீட்புச் சூழல் என்றால், எந்த மென்பொருளில் செய்த பென்டிரைவானாலும் இதே கதிதான் ஆகியிருக்கும். அன்றிலிருந்து பேக்கப் மென்பொருள்களை நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: செத்த கணினியின் முன்னால் உட்காரும்போது, நாஸையும் புது டிஸ்க்கையும் அது எனக்குக் காட்டுமா? எவ்வளவு வேகமாக இமேஜ் எடுக்கிறது, எவ்வளவு சுருக்குகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

விண்டோஸோடு வருவது

கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. காசு இல்லை, புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலேயே, இந்த இமேஜ் வசதியை இனி வளர்க்கப்போவதில்லை, வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. அதன் பிறகும் இதையே நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாஸுக்கு எடுக்கும்போது இதில் இரண்டு பெரிய குறைகள். நெட்வொர்க் பகிர்வில் கடைசி இமேஜ் ஒன்றுதான் நிற்கும், புதியது பழையதை அழித்துவிடும். வைரஸ் புகுந்தது மூன்று நாள் கழித்துத் தெரியவந்தால், திரும்பிப் போக முந்தைய பிரதி இருக்காது. அடுத்தது டிஸ்க் அளவு. 1 டிபி டிஸ்க்கில் 120 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும், 500 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்க முடியாது. கோப்புறையின் பெயரும் இடமும் துளி மாறினால்கூட இமேஜ் இல்லை என்று சொல்லிவிடும். ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். இமேஜ் விஎச்டிஎக்ஸ் என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்பாக இருப்பதால், வேறு எந்த விண்டோஸ் கணினியிலும் திறந்து நமக்கு வேண்டிய கோப்பை எடுத்துக்கொள்ளலாம்.

மேக்ரியம் ரிஃப்ளெக்ட்

பல ஆண்டுகளாக எல்லோரும் கைகாட்டியது இதன் இலவசப் பதிப்பைத்தான். 2024 ஜனவரி 1-உடன் அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. இப்போது காசு கட்ட வேண்டும். கட்டினால் கிடைப்பது நல்ல சரக்கு. மீட்புப் பென்டிரைவ் செய்யும்போதே அந்தக் கணினிக்கு எந்த லேன், டிஸ்க் டிரைவர்கள் வேண்டும் என்று பார்த்து உள்ளே வைத்துவிடும். சிறிய டிஸ்க்கில் இறக்கும்போது பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் பிரிவை, சுருக்கிக் கொடுக்கும். கணினியே வேறாகிவிட்டால், ரீடிப்ளாய் என்ற வசதி புதிய வன்பொருளுக்கு ஏற்ப விண்டோஸை மாற்றி எழுப்பும். கணக்காய்வு அலுவலகம் மாதிரி, ஒரு நாள் நின்றாலே நட்டம் என்கிற இடத்தில் காசுக்குத் தயங்க வேண்டாம் என்பேன். பழைய இலவசப் பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது.

வீம் ஏஜென்ட்

துணிக்கடைக்கு நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது வீம் ஏஜென்டின் இலவசப் பதிப்பு. ஒரே ஒரு பேக்கப் வேலைதான் அமைக்க முடியும். ஒரு கணினி, ஒரு நாஸ் என்ற கணக்குக்கு அது போதும். முதலில் முழு இமேஜ், அதன்பின் ஒவ்வொரு இரவும் மாறியது மட்டும் போகும். எத்தனை நாள் பிரதிகள் வேண்டும் என்று நாமே சொல்லலாம்.

என்னைக் கவர்ந்தது மீட்பு ஐஎஸ்ஓ (பென்டிரைவில் ஏற்றும் மீட்புக் கோப்பு) செய்யும் திரை. இந்தக் கணினியின் நெட்வொர்க் அமைப்புகளைச் சேர்க்கவா, வன்பொருள் டிரைவர்களைச் சேர்க்கவா என்று அங்கே கேட்கிறது. இரண்டுக்கும் சரி என்று டிக் செய்தால், அன்றைக்கு என்னை அலையவிட்ட டிரைவர் உள்ளேயே வந்துவிடும். வேறு கணினிக்கான டிரைவரையும் கூடவே சேர்க்கலாம். பூட் செய்த பிறகு கேள்விகள் வரிசையாக வருகின்றன: இமேஜ் எங்கே, நெட்வொர்க்கிலா, பகிர்வின் பாதை என்ன, பயனர் பெயர், பாஸ்வேர்ட். அதன்பின் எந்தத் தேதிப் பிரதி என்று பட்டியல் காட்டும். அக்காவின் மகளே ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த தடவை தானாகச் செய்தாள்.

குறையும் உண்டு. தினப் பிரதிகள் சங்கிலிபோல ஒன்றையொன்று பிடித்திருப்பவை. நடுவில் ஒரு கோப்பு கெட்டால் அதற்குப் பிந்தியவை பயன்படாது. அதனால் அவ்வப்போது புதிதாக ஒரு முழு இமேஜ் எடுத்துவைக்கிறேன்.

குளோன்சில்லா

தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் உருவானது. திறந்த மூலம், முற்றிலும் இலவசம். லினக்ஸில் ஓடுவதால், பெரும்பாலான லேன் சிப்புகளைத் தேடி அலையாமலே கண்டுகொள்ளும். நாஸை சம்பா, எஸ்எஸ்எச், என்எஃப்எஸ் என்று எந்த வழியிலும் தொடலாம்.

ஆனால் கணினியை நிறுத்திவிட்டுத்தான் இமேஜ் எடுக்க முடியும், எனவே தினமும் இரவில் தானாக ஓடுகிற வேலைக்கு இது ஒத்துவராது. இறக்கும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் வழக்கமான முறையில் ஏற்காது. நீலத் திரையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும் பெயர்களில் எது எந்த டிஸ்க் என்று தெரியாமல் என்டரைத் தட்டினால், இருக்கிற தரவும் போய்விடும். டிஸ்க்கின் அளவையும் மாடல் எண்ணையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட பார்ட்டிஷனுக்குள் எது நிரம்பியது, எது காலி என்று அதற்குத் தெரியாது. முழுவதையும் அப்படியே நகலெடுக்கும், இமேஜ் ஊதிப்போகும்.

டியூஷன் வகுப்பு மாதிரி ஒரே மாடலில் பத்துக் கணினி இருக்கும் இடத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஒன்றைச் சரியாக அமைத்து இமேஜ் எடுத்துவிட்டால், மற்ற ஒன்பதிலும் அதையே இறக்கலாம். எழுத்துத் திரைக்குத் தயங்குகிறவர்கள் ரெஸ்க்யூசில்லாவை எடுத்துக்கொள்ளலாம். அதே இமேஜ்களைச் சுட்டியால் கையாளும்.

சினாலஜி நிறுவனத்தின் பிளஸ் வரிசை நாஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு, அதிலேயே ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ் என்ற பேக்கப் மென்பொருள் கூடுதல் உரிமக் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். நாஸே செத்தால் அந்த இமேஜைத் திறக்க இன்னொரு சினாலஜியைத் தேட வேண்டும் என்பதால், இரண்டாம் பிரதி இல்லாமல் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கம்பியும் பூட்டும்

எதை எடுத்தாலும் நேரத்தைத் தீர்மானிப்பது கம்பி. கிகாபிட் லேனில் நொடிக்குச் சுமார் 110 எம்பி வரும், 200 ஜிபி இமேஜ் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். நடுவில் பழைய 100 மெகாபிட் சுவிட்ச் ஒன்று இருந்தால் நொடிக்கு 11 அல்லது 12 எம்பிதான். அதே இமேஜுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். துணிக்கடையில் பில் மேசைக்கு அடியில் அப்படி ஒரு சுவிட்ச் தூசி மூடிக் கிடந்தது. முதலில் அதைத்தான் தூக்கினேன்.

ஐபி-கான்ஃபிக்கில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் டிரைவர் இருக்கிறது, ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று அர்த்தம். கேபிளையும் ரூட்டரையும் பாருங்கள். நெட்வொர்க் சரி, டிஸ்க் மட்டும் தெரியவில்லை என்றால், இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் விஎம்டி (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) டிரைவர் இல்லாததுதான் காரணம். அதையும் பென்டிரைவில் போட்டுவையுங்கள். எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டுமே தெரிந்த நாஸை இன்றைய விண்டோஸ் ஏற்காது. அதற்காக எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடாதீர்கள், 2017-இல் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான்.

பேக்கப் பகிர்வுக்குத் தனிப் பயனர் கணக்கு வேண்டும். அதை விண்டோஸில் டிரைவ் எழுத்தாக மாட்டி வைக்கக்கூடாது. மாட்டியிருந்தால் கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இமேஜையும் சேர்த்துப் பூட்டிவிடும். வருமான வரிக்கான கணக்குகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டிய நாட்டில், கடைக்காரருக்கு அது சாதாரண இழப்பு அல்ல. பிட்லாக்கர் மீட்பு எண்ணை அச்சடித்து வைப்பதும், ரீஸ்டோர் முடிந்ததும் பிட்லாக்கர் இன்னும் இயங்குகிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

அக்கா கடையில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு, உதிரி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி முழு ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம். போன தடவை 38 நிமிடம் ஆனது. மீட்புப் பென்டிரைவ் நாஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொலுசு டப்பாவில் இருக்கிறது. மூடியின் மேல் நாஸின் ஐபி எண், பகிர்வின் பெயர், பென்டிரைவ் செய்த தேதி. பாஸ்வேர்ட் அக்காவின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில்.