தருமபுரியில் பாஸ்தா மெஷினுக்குக் கிடைத்த பித்தளை வாஷர்

பாஸ்தா மெஷினின் வெட்டும் உருளை கெட்டுப்போனால், நான் வசிக்கும் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் அதைத் திறந்து பார்க்க ஆள் கிடைப்பது அரிது; அந்தத் தொகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் அங்கே வழக்கமான பதில். இந்த முறை ஊருக்கு வந்தபோது, தருமபுரியில் ஒரு சர்வீஸ் கடை அந்த உருளையைக் கெடுத்துக் கொடுத்ததையும், அதே ஊரில் ஒரு லேத் பட்டறை அதை மீட்டுக் கொடுத்ததையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்கையிடம் இருப்பது இத்தாலியில் செய்த கைச்சுற்று மெஷின். நான்தான் முன்பொரு முறை கொண்டுவந்து கொடுத்தேன். பிள்ளைகளைப் பாக்கெட் நூடுல்ஸிலிருந்து மீட்க வேண்டும் என்பது அவள் விருப்பம். 2023-இல் நீலகிரியோடு தருமபுரி மாவட்டத்திலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அவள் வீட்டில் ராகி மாவுக்குப் பஞ்சமில்லை. அதில் பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து, கெட்டியாகப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, மெல்லிய நூலாக வெட்டிக் கொடுப்பாள். கேழ்வரகில் மாவைப் பிணைத்துப் பிடிக்கும் குளூட்டன் கிடையாது என்பதால் தகட்டின் ஓரம் உதிரும். அந்தத் துகள் உருளையின் பள்ளங்களில் இறங்கி, அடியில் வெட்டிய நூலைப் பள்ளத்திலிருந்து வழித்துவிடும் சீப்புப் போன்ற பாகத்தின் பின்னால் தங்கி, மறுநாளே கல்லாக இறுகிவிடும். அதைச் சுத்தம் செய்யத்தான் மெஷினைக் கடைக்கு எடுத்துப் போனோம்.

இந்த மெஷினில் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பிளேடு எதுவும் இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்றின் வளையங்கள் மற்றதன் பள்ளங்களுக்குள் இறங்கி, கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல ஓரத்தோடு ஓரம் உரசி மாவை வெட்டுகின்றன. ஆகவே அதைச் சாணை பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. முலாம் பூசிய எஃகு என்பதால் தண்ணீரும் ஆகாது.

சர்வீஸ் கடையில் மெஷினை வாங்கிய பையன் அதை ஒருமுறைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. "குடுத்துட்டுப் போங்க மேடம், நாளைக்கு வாங்க" என்றான். மறுநாள் கைக்கு வந்தபோது உருளைகளில் செம்பழுப்பு நிறம் படர்ந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு தகட்டை விட்டுப் பார்த்தோம். வலப்பக்கம் நூல் நூலாக இறங்கியது. இடப்பக்கம் வெட்டுப்படாமல் கோடு மட்டும் விழுந்து பட்டையாக வந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது, "இதுக்கு ஸ்பேர் வராதுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்ற பதிலோடு 450 ரூபாய் சர்வீஸ் சார்ஜும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக இல்லை. ஜெர்மனியில் பழுது பார்க்கப் பெரும்பாலும் மறுப்பார்கள். ஆனால் என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுக்காமல் பொதுவாக அடுத்தவர் பொருளில் கை வைக்க மாட்டார்கள். நம் ஊரிலும் அந்த ஒழுக்கம் இருந்ததுதானே? ரேடியோக்காரர் நம் கண் முன்னால் மூடியைக் கழற்றுவார். மாற்றிய பழைய பாகத்தைக் காகிதத்தில் மடித்து நம் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார். அந்தப் பழக்கம் கடைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டதே என்ற வருத்தம்தான் எனக்கு.

சேலம் சாலைப் பக்கம் ஒரு லேத் பட்டறை இருப்பதாகப் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத் வேலை, படித்து, ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொந்தமாகப் பட்டறை போட்ட தம்பி ஒருவர்தான் அதை நடத்துகிறார். பாஸ்தா மெஷினை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஆனாலும் உடனே கழற்றவில்லை. சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, உருளைக்குள் விட்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். தாள் ஒரு பக்கம் இழை இழையாக வந்தது. மறுபக்கம் மடிந்து வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, வெட்டுற பல்லு எதுவும் தேயலை. மேல் ரோலர் பக்கவாட்டுல ஆடுது. இந்த முனையில ஒரு வாஷர் இருந்திருக்கணும், காணோம்" என்றார். கடையில் கழற்றியவர்கள் திருப்பி மாட்டும்போது அதைத் தொலைத்திருக்கிறார்கள்.

இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தார். பித்தளைக் கம்பியில் துளையிட்டு, லேத்தில் சற்றுத் தடிப்பாகவே ஒரு வில்லையை அறுத்து, கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்து அதில் தேய்க்கத் தொடங்கினார். கொஞ்சம் தேய்ப்பதும் மைக்ரோமீட்டரில் பார்ப்பதுமாக, 0.4 மி.மீ. வந்தபோதுதான் கையை எடுத்தார். ஸ்க்ரூ டிரைவர் பட்டு வளைந்திருந்த சீப்பின் பற்களை நைலான் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். பள்ளங்களில் இறுகியிருந்த மாவை மூங்கில் சிம்பால் எடுத்தார். துருவையும் எமரியால் தேய்த்துவிடலாமே என்று கேட்டேன். "ஓரத்துல எமரி பட்டா அப்புறம் அது எதையும் வெட்டாதுங்கக்கா" என்று மறுத்துவிட்டு, துணியில் எண்ணெய் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தார். மெஷின் எண்ணெய் உணவில் படக்கூடாது என்றும், தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும் என்றும் நினைத்து, மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெயை நானே வாங்கி வந்திருந்தேன். அதையே உருளை முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். கூலி 300 ரூபாய். இதே வேலைக்கு ஸ்டட்கார்ட்டில் ஒரு மணி நேரக் கூலி கொடுக்கும் பணத்தில் புது உருளைத் தொகுதியே வந்துவிடும். அதனால்தான் அங்கே யாரும் வாஷரைத் தேடுவதில்லை.

வீட்டுக்கு வந்து, எண்ணெயும் அழுக்கும் ஒட்டிக்கொண்டு போகட்டும் என்று ஒரு பிடி மாவைப் பிசைந்து உருளைக்குள் விட்டு எடுத்து எறிந்த பிறகு, அடுத்த தகட்டை விட்டோம். முழு அகலத்துக்கும் நூல் தனித்தனியாக இறங்கியது.

தங்கையிடம் சொல்லி வைத்திருப்பது இதுதான்: வேலை முடிந்ததும் கழுவாமல், மாவு காயும்வரை விட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும், தகடு கையில் ஒட்டினால் மாவு தூவிக் கொஞ்ச நேரம் உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும், கத்தி முனையைப் பள்ளத்தில் விடவே கூடாது. அகல நாடா வெட்டும் இன்னொரு உருளையையும் பட்டறைத் தம்பி பார்த்தார். அதில் சீப்பின் ஒரு பல் தாழ்ந்திருக்கிறதாம். ஞாயிறு தவிர எந்த நாளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.