ரிலே போச்சுன்னா எதை போடுறது: ஒரிஜினலா, வெளி பிராண்டா, பழசையே சுரண்டியா?

கார்ல சின்ன கரண்ட்ட வெச்சு பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்சுதான் ரிலே. முதல்ல ரிலேதான் போச்சான்னு பாத்துக்கோங்க. ப்யூஸ் பாக்ஸ்லயே அதே பார்ட் நம்பர்ல ஹாரன் ரிலே இருந்தா அதை கழட்டி பெட்ரோல் பம்ப் (டேங்க்லேர்ந்து இன்ஜினுக்கு பெட்ரோல் தள்ளுறது) ரிலே இடத்துல குத்திப் பாருங்க, பம்ப் ஓடுச்சுன்னா முடிஞ்சுது. "டிக்"குனு சத்தம் வருதே அப்போ ரிலே நல்லாதான் இருக்குன்னு நெறைய பேர் விட்டுடுவாங்க, அந்த சத்தம் காயில் (சுவிட்ச இழுக்கற காந்தச் சுருள்) இழுக்குதுன்னு மட்டும்தான் சொல்லும், உள்ள கான்டாக்ட் (கரண்ட் கடந்து போற முனை) கருகிப் போயிருந்தா சத்தம் வரும் ஆனா கரண்ட் போகாது.

பழசோட மூடிய நெம்பி எமரி பேப்பர் போட்டு தேய்க்கிறது வழியில நின்னுட்டா வீடு வந்து சேர்றதுக்கு மட்டும். கான்டாக்ட் மேல இருக்கற வெள்ளிக் கலவை தேய்ஞ்சு போயிடும், அப்புறம் முன்ன விட சீக்கிரமா கருகும்.

வெளி பிராண்டு போடுறதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். பாஷ், ஹெல்லா மாதிரி நல்லதா போட்டா தரத்துல குறை சொல்ல மாட்டேன், பிரச்சனையே உருவம் ஒண்ணா இருக்கறதுதான். ரிலே பின்னுக்கெல்லாம் நம்பர் உண்டு: 85, 86 காயிலுக்கு, 30 கரண்ட் உள்ள வர்றது, 87 லோடுக்கு (பம்ப், லைட் மாதிரி) போறது, 87ஏ ரிலே ஆஃப்ல இருக்கும்போது 30ஓட சேர்ந்திருக்கறது. சில ரிலேல 30ம் 86ம் இடம் மாறி இருக்கும், சாக்கெட்ல கச்சிதமா உக்காரும் ஆனா கனெக்‌ஷன் மொத்தமும் தப்பு. 5 பின்னுலயும் ரெண்டு வகை, நடுப் பின் ஒண்ணுல இன்னொரு 87, இன்னொண்ணுல 87ஏ. ரெண்டு 87 இருக்கற எடத்துல 87ஏ ரிலேய மாத்திப் போட்டா ரிலே ஆஃப்ல இருக்கும்போது லோடு ஓடும், பேட்டரி காலி. காயிலுக்கு குறுக்க டயோடு (கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடறது) இருக்கறதுல 85, 86 பிளஸ் மைனஸ் மாறவே கூடாது, மாறுச்சுன்னா டயோடு வழியா நேரா ஷார்ட், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஓட்டுற ரிலேன்னா அதுக்குள்ள ரிலேய ஓட்டுற டிரைவர் சர்க்யூட்டும் போகலாம். அதனால மூடி மேல போட்டிருக்கற படம், ஆம்ப், 12 வோல்ட்டா 24 வோல்ட்டா எல்லாத்தையும் பழசோட பக்கத்துல வெச்சு பாத்துட்டு வாங்குங்க.

சாலிட் ஸ்டேட் ரிலேல (அசையற கான்டாக்ட் இல்லாம செமிகண்டக்டர்ல ஆன் ஆஃப் ஆகறது) தேய்மானமே இல்லைங்கறது உண்மைதான், வேகமா ஆன் ஆஃப் ஆகற வேலைக்கு நல்லது. ஆனா சூடாகும், போகும்போது பெரும்பாலும் ஆன்லயே மாட்டிக்கும், பெட்ரோல் பம்ப்ல அது எனக்கு வேணவே வேணாம்.

என் கணக்கு, பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன், ஈசியூ மெயின் ரிலேக்கு கண்ண மூடிட்டு ஒரிஜினல், ஹாரன், ஃபாக் லைட்டுக்கு எல்லாம் பொருத்தமான வெளி பிராண்டு போதும். புதுசு போட்டு லோடு ஓடும்போது 30க்கும் 87க்கும் நடுவுல மீட்டர் வெச்சு பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா சந்தேகப்படலாம். சாக்கெட் பிளாஸ்டிக் பழுப்பேறி பின் லூசா இருந்தா டெர்மினலையும் சேத்து மாத்துங்க, இல்லைன்னா அடுத்த ரிலேயும் அதே சூட்டுலதான் போகும்.