3,800 வெள்ளிக்குச் சூப்பர்சார்ஜர்: முன்பணம் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டியது

சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள ஒரு தொழிற்பேட்டையில் இடம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ் இளைஞர் ஒருவர், பழைய கார் வைத்திருப்போரை வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக அணுகி, அவரவர் வண்டிக்கு ஏற்றபடி சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வேகத்தைக் கூட்டும் கருவி) பொருத்தித் தருவதாகவும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) அனுமதி உட்பட எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளிதான் ஆகும் என்றும் கூறி வருகிறார். அவரிடம் பணத்தையும் வண்டியையும் ஒப்படைத்ததன் விளைவாக என் காரின் இன்ஜின் பழுதாகி, இப்போது அது வேறொரு பட்டறையில் பிரித்த நிலையில் கிடக்கிறது. பணத்தை மீட்கும் நடவடிக்கை இன்னும் முடியாததால் அவருடைய பெயரையும் பட்டறையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம். கையாளும் முறையை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது என்பதால் அந்த முறையை விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது 1.6 லிட்டர் டொயோட்டா ஆல்டிஸ். சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழைப் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்திருந்ததால், இனி நெடுங்காலம் வைத்திருக்கப் போகும் வண்டிக்குக் கொஞ்சம் வேகம் கூட்டலாம் என்ற எண்ணம் இருந்தது. விசாரித்த இரண்டு பட்டறைகளில் 12,000 வெள்ளிக்குக் குறைவாக யாரும் வாய் திறக்கவில்லை. அவற்றில் ஒன்றை நடத்துபவர், என் கையில் இருக்கும் தொகைக்கு நல்ல டயரும் பிரேக்கும் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அந்த நேரத்தில்தான் இந்த இளைஞர் வந்தார். "அண்ணே, அவங்க பிராண்டுக்குக் காசு வாங்குறாங்க. நான் பிராக்கெட்டை நானே செய்றேன், அதான் விலை கம்மி. பொருள் புதுசு, ஜப்பானிலிருந்து பெட்டியோட வருது" என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் நல்ல தமிழில், மரியாதையாக, தடங்கலின்றிப் பதில் சொன்னார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதுவே அவருடைய மூலதனம்.

2,500 வெள்ளி முன்பணம் பேநவ் வழியாக, ஒரு கைப்பேசி எண்ணுக்குப் போயிற்று. பதிவு பெற்ற நிறுவனம் தன் யுஇஎன் என்ற நிறுவன அடையாள எண்ணைக் கொடுத்தே பேநவ் பணம் வாங்க முடியும். தனியாள் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்வதிலேயே பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. ரசீது கேட்டபோது குரல் பதிவு வந்தது. விலைக்குறிப்பு கேட்டபோது, "சூப்பர்சார்ஜர், பொருத்துதல், டியூனிங், எல்டிஏ அப்ரூவல், மொத்தம் 3,800" என்று ஒரே வரியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த ஒற்றை வரிதான் பின்னர் எனக்குக் கைகொடுத்தது.

வண்டியைத் திரும்பப் பெற்ற அன்று, இன்ஜினின் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிச் சோதித்ததற்கான தாள் என்று ஒன்றைக் கொடுத்தார். 168 குதிரைத்திறன் என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. தாளில் வண்டியின் எண் இல்லை. அதைவிட முக்கியமாக, அதிலிருந்த கோடு நிமிடத்துக்கு 8,000 சுழற்சி வரை ஏறியிருந்தது. என் இன்ஜின் 6,500 பக்கம் போகும்போதே பெட்ரோலைத் துண்டித்து வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்பதால், அந்தத் தாள் வேறு ஏதோ ஒரு வண்டிக்கு உரியது என்பதில் ஐயமில்லை. இப்படி ஒரு தாளை யாராவது உங்களிடம் நீட்டினால், மேலே உள்ள குதிரைத்திறனைப் பார்க்காமல் கீழே உள்ள சுழற்சி அளவைப் பாருங்கள்.

முதல் சில நாட்கள் வண்டி உண்மையாகவே வேகமாகத்தான் ஓடியது. அதன்பின் காலையில் இன்ஜினை இயக்கும்போதெல்லாம் பெல்ட் கீச்சிடத் தொடங்கியது. பானெட்டைத் திறந்து பார்த்தால், புல்லியைச் சுற்றிலும் கறுப்பு ரப்பர்த் தூள் மாவாகப் படிந்திருந்தது. விரைவுச்சாலையில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் உள்ளே சிறு கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை கேட்டது. அதைச் சொன்னபோது, "புதுப் பொருள் செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் அண்ணே" என்றார். பிறகு ஒரு மாலை தீவு விரைவுச்சாலையில் இன்ஜின் விளக்கு மின்னி, வண்டி நடுங்கி, பின்னால் நீலப் புகை கிளம்பியது. ஓரத்தில் நிறுத்தி, இழுவை வண்டியை அழைத்து, பல்லாண்டு அனுபவமுள்ள ஒரு சீன மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டியவற்றைத்தான் இனி எழுதப் போகிறேன்.

முதலில் அந்த 'ஜப்பான் பெட்டி'ச் சரக்கு. அலுமினிய உடலில் எழுத்துகள் இருந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. ஆனால் பின்பக்கத்தை மறைக்க அவர்களால் இயலவில்லை. அங்கே ஒரு பல்சக்கர முனை வெளியே வந்து, அதன்மேல் கையால் வெட்டிய தகடு ஒன்று நான்கு போல்ட்டுகளால் மூடப்பட்டிருந்தது. மெக்கானிக் ஒரு பார்வையிலேயே, 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரின் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் இது என்றார். அந்தக் காரில் தண்ணீர் பம்ப்பை ஓட்டுவதே சூப்பர்சார்ஜரின் பின்முனைதான் என்பதால், அந்த முனை மற்ற இடங்களில் காணக் கிடைக்காத ஓர் அடையாளம். முன்னும் பின்னும் தனித்தனி எண்ணெய் அறைகள் அதில் உண்டு. எண்ணெய் குறைந்தால் பற்கள் தேய்ந்துவிடும் என்பது மினி வைத்திருப்பவர்கள் அறிந்த கதை. என்னுடையதன் பின்னறையைத் திறந்தபோது சில சொட்டுகள்தாம் விழுந்தன. கரேலென்று, மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் நாற்றத்துடன். உடைப்புக்குப் போன காரிலிருந்து கழற்றிய பொருள் அது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இதை அந்த இளைஞரிடம் கேட்டபோது சிறிதும் தயங்கவில்லை. "மினியும் 1600 சிசி, உங்க வண்டியும் 1600 சிசி. அப்புறம் என்ன அண்ணே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இந்தப் பதில் பலரையும் வாயடைக்கச் செய்யும் என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும். 1.6 லிட்டர் இன்ஜின் ஒரு சுழற்சிக்கு அதிகபட்சம் சுமார் 0.8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். எம்45 தன் தண்டின் ஒரு சுழற்சிக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். அந்தத் தண்டு இன்ஜினைவிட இருமடங்கு வேகத்தில் சுழலுமானால், இன்ஜின் கேட்பதைவிட மிக அதிகமான காற்று உள்ளே திணிக்கப்படுகிறது. இதைத் தாங்குவதற்காகவே மினி நிறுவனம் கூப்பர் எஸ் இன்ஜினின் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவை, 8.3:1 ஆகக் குறைத்தது. சூப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண கூப்பரில் அது 10.6:1. அத்துடன் அழுத்தத்தால் சூடாகும் காற்றைக் குளிர்விக்க இன்ஜினுக்கு மேலேயே இன்டர்கூலரை வைத்து, அதற்குக் காற்று வர பானெட்டில் ஒரு வாயும் திறந்துவிட்டது. என் ஆல்டிஸின் அழுத்த விகிதம் 10:1க்கும் மேல். அதில் இன்டர்கூலர் இல்லை, காற்றைத் தேவையற்ற நேரத்தில் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் இல்லை. கொள்ளளவு ஒன்றே என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் ஏமாற்று வேலை நடந்திருக்கிறது.

பெட்ரோல் பக்கம் இன்னும் மோசம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் பெட்ரோல் பம்ப்பும் வண்டியோடு வந்தவையே. அதிகக் காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். இன்ஜெக்டர் முழுக்கத் திறந்து நின்றாலும் அதன் அளவுக்கு மேல் தர இயலாது. சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. காற்றை அழுத்தி ஊட்டும்போது 12க்கு அருகில் இருக்குமாறு பெட்ரோலைக் கூட்டுவதும், தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவதும்தான் டியூனிங் என்ற வேலையின் உயிர்நாடி. எனக்குச் செய்யப்பட்ட 'டியூனிங்', ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி என்ற கணினிச் சோதனைத் துளையில் செருகிய தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மெக்கானிக் அதைக் கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே மூன்று சிறு விளக்குகளும் அவற்றை மாறி மாறி மின்னச் செய்யும் ஒரு சில்லும் இருந்தன. வண்டியின் கணினியோடு பேசுவதற்கான இணைப்புக் கம்பிகள் அந்தச் சில்லுக்கு வந்து சேரவேயில்லை. டியூனிங்கிற்கென்று தனியாக 600 வெள்ளி வாங்கும் சில்லறை ஏமாற்றுக்காரர்கள்கூட இந்தப் பெட்டியைத்தான் விற்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிராக்கெட் சாதாரண இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டியது. பெல்ட் இறுக்கத்தில் அது வளைந்து புல்லி சில மில்லிமீட்டர் விலகியதால்தான் பெல்ட் ஓரத்தில் தேய்ந்து தூளாகியிருக்கிறது. சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதித்தபோது மற்ற மூன்று சிலிண்டர்களில் 180 பிஎஸ்ஐக்கு அருகிலும், இரண்டாவது சிலிண்டரில் 95ம் காட்டியது. தலைப்பகுதியைக் கழற்றியபோது அந்த பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடைந்திருந்தது. கூழாங்கல் ஓசை, பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை அறைந்த ஓசை.

இத்தனைக்கும் பிறகு அந்த இளைஞர் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் வேறு. டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்த வேண்டுமானால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி மாற்றப்பட்ட வண்டிக்கு உரிமையாளரும் பொறுப்பாளி, பட்டறையும் பொறுப்பாளி. அனுமதிக் கடிதத்தைக் கேட்டபோதெல்லாம் "போட்டாச்சு, வந்துடும்" என்ற பதில்தான் வந்தது. பத்தாண்டைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு என்று நினைவூட்டியபோது, பரிசோதனைக்கு முன் கழற்றிப் பின் மாட்டித் தர 300 வெள்ளி என்றார். விண்ணப்பமே போடப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவருடைய குரல் மாறியது: "கேஸ் போட்டா உங்க வண்டியும்தான் மாட்டும் அண்ணே, யோசிச்சுக்குங்க." அவரிடம் ஏமாந்த மற்றவர்கள் வெளியே வராததற்கு இந்த ஒரு வாக்கியமே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அனுமதியும் விலைக்குள் அடங்கும் என்று அவரே எழுதிய குறுஞ்செய்தி என்னிடம் இருந்ததால் அந்த மிரட்டல் என்னிடம் பலிக்கவில்லை. கழற்றிய பிறகே வண்டி சாலைக்கு வரும் என்பதையும் முடிவு செய்துவிட்டேன்.

முதலில் 'கேஸ்' (CASE) எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போனேன். அவர்கள் அனுப்பிய கடிதத்துக்கு அவர் பதிலளிக்கவில்லை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடியபோது, பெயர்ப்பலகையில் இருந்த நிறுவனத்தின் பதிவு ஏற்கெனவே முடிவுக்கு வந்திருந்தது. சிறு கட்டணத்துக்குக் கிடைத்த விவரக் குறிப்பில் உரிமையாளராக அவர் பெயரே இருந்ததால், அவரைத் தனியாளாகக் குறிப்பிட்டுச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு செல்லலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் கிடையாது, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிமனிதர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளிதான். நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சூப்பர்சார்ஜருக்குக் கொடுத்த தொகையை மட்டுமே இப்போது கேட்டிருக்கிறேன். இன்ஜின் சேதத்துக்கு அந்த மெக்கானிக்கின் எழுத்துமூல அறிக்கை தயாரானதும் கோரிக்கைத் தொகையைத் திருத்தக் கேட்கப் போகிறேன்.

இவரிடமோ இவரைப் போன்ற வேறு எவரிடமோ பேச்சு நடத்திக்கொண்டிருப்பவர்கள், சூப்பர்சார்ஜரின் தயாரிப்புப் பெயரும் எண்ணும், இன்ஜெக்டரின் அளவு, இன்டர்கூலர், பைபாஸ் வால்வு, கணினியை யார் எந்த மென்பொருளால் மாற்றுகிறார்கள் என்ற விவரம் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கண்ணால் பார்க்கும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஏற்கெனவே பொருத்திக்கொண்டு அதே கீச்சொலியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முழு ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதை இன்றே நிறுத்த வேண்டும். "வாரண்டியில் பார்க்கிறேன், கழற்றிக் கொடுங்கள்" என்று அவர் கேட்டால் சூப்பர்சார்ஜரைக் கொடுத்துவிடாதீர்கள். பின்பக்கத்துத் தகடு, அரம் பட்ட இடம், ஓபிடி பெட்டியின் உட்புறம் ஆகிய மூன்றையும் வண்டி எண் தெரியும்படி படமெடுத்து, வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். அவர் எனக்குக் கடைசியாக அனுப்பிய குரல் பதிவுகள் சில, மனுச் செய்த மறுநாளே "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று மாறிவிட்டன.