புல்லட்டுக்கு மோனோபிளாக்கா, மிக்கார்பா? இரண்டையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

நண்பர் ஒருவர் எழுபதுகளில் வந்த புல்லட் 350 ஒன்றை வாங்கி, இன்ஜின் வேலையெல்லாம் முடித்துவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில் வந்து நிற்கிறார். வண்டியோடு வந்த ஆமல் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பழைய மோனோபிளாக் கார்பரேட்டரைச் சரிசெய்து மாட்டுவதா, இல்லை மிக்கார்ப் விஎம்24 வாங்கிப் போட்டுவிடுவதா என்று கேட்டார். என் ஜி2 (பழைய மாடல்) புல்லட்டில் இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். போன மாதம்தான் இதே கார்பரேட்டர் விஷயத்தில் மறுபடியும் ஒரு ரிப்பேர் பார்த்தேன், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அவருக்குப் போனில் சொன்னதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மிக்கார்ப். ஜப்பானின் மிக்குனி கம்பெனி டிசைன், 24 மி.மீ. வாய். இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டு, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் ஒரு உதை, அவ்வளவுதான். சூடானபின் ஐட்லிங் (ஆக்சிலேட்டரை விட்டபிறகு இன்ஜின் தானாக ஓடும் வேகம்) ஆடாமல் அப்படியே இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறும்போதுதான் இதன் அருமை தெரியும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் வரும் துளையான ஜெட் மாறாமல் அதே பெட்ரோல் வருவதால் கலவை தடித்துப்போகும், அதாவது பெட்ரோல் கூடிவிடும். மிக்கார்ப் குன்னூர் தாண்டியதும் லேசாக மந்தமாகும், அதோடு சரி. மோனோபிளாக்கில் அதே ஏற்றம் ஏறினால் நீடிலை (ஜெட்டுக்குள் இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசி) ஒரு காடி இறக்கிவிட்டால்தான் எனக்குத் திருப்தி.

மோனோபிளாக் 1955ல் வந்த டிசைன். அதற்கு முந்தைய ஆமல்களில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் தனியாகத் தொங்கும், இதில் எல்லாம் ஒரே வார்ப்பு. பார்க்க அத்தனை அழகு. ஆனால் உடம்பும் துத்தநாகக் கலவை, ஆக்சிலேட்டரைத் திருப்பினால் உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் துத்தநாகக் கலவை. ஒன்றையொன்று தேய்த்தே தீரும். தேய்ந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்துவிட்டால் ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஐட்லிங் நிலையாக இருக்காது. சந்தையில் கிடைக்கும் பழைய மோனோபிளாக்குகளில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன. ஸ்லைடை விரலால் ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று சத்தம் வந்தால் அது கண்ணாடி அலமாரிக்குத்தான். என்னுடையதற்கு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஸ்லைடுக்குப் பித்தளை ஸ்லீவ் போட்டு வாங்கினேன், உடம்பையும் லேசாகப் போர் எடுத்தார்கள். அந்த வேலை செய்த கைக்குப் பொன்னே போடலாம். அதற்கப்புறம் ஐட்லிங் நிலைத்தது, நன்றாகவே நிலைத்தது.

இனி கோபத்துக்கு வருகிறேன். ஃபிளேஞ்ச்.

கார்பரேட்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் இரண்டு ஓட்டை போட்ட ஒரு தட்டை முகம் இருக்கிறதே, அதுதான். நடுவில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), இரண்டு பக்கமும் ஸ்டட், நட். மோனோபிளாக்கிலும் இதே அமைப்பு, என் விஎம்24லும் இதே அமைப்பு. இந்த உலோகம் மெத்து. நட்டை உயிரைக் கொடுத்து முறுக்கினால் இரண்டு காதும் ஹெட் பக்கம் வளையும், நடுவில் குழி விழும், ஓ-ரிங்குக்கு அமுக்கம் போய்விடும். அங்கே காற்று உறிஞ்சும். உறிஞ்சினால் என்ன ஆகும்? காலையில் வண்டி ஒழுங்காக ஓடும். சூடானதும் ஆக்சிலேட்டரை விட்டபிறகும் வேகம் இறங்காமல் தொங்கும், அடுத்த சிக்னலில் அணைந்துபோகும், இறக்கத்தில் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும், பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கும். உடனே என்ன செய்கிறார்கள்? ஐட்லிங் வேகத்தைக் கூட்டும் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றுகிறார்கள். பிறகு ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைப் பெரிதாக்குகிறார்கள். பிறகு நீடில் கிளிப். கடைசியில் ‘கார்பரேட்டரே போச்சு சார், வேற மாத்திடலாம்’ என்று முடிக்கிறார்கள். மாற்றின புதுசையும் அதே மாதிரி முறுக்கி வளைத்து மாட்டுகிறார்கள்! போன மாதம் எனக்கு நடந்தது இதேதான். கிளட்ச் வேலைக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், தேவையே இல்லாமல் கார்பரேட்டரைக் கழற்றி, நீளமான ரிங் ஸ்பேனரில் முறுக்கி மாட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியிலேயே வேகம் தொங்க ஆரம்பித்துவிட்டது. எத்தனை நல்ல கார்பரேட்டர்கள் இப்படிப் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். ஐட்லிங்கில் ஓடும்போது ஃபிளேஞ்ச் ஓரமாக ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடியுங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் லீக். கார்ப் கிளீனர் அடிப்பவர்களும் உண்டு, சூடான இன்ஜின் மேல் அது வேண்டாம். கழற்றி ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கோடு தெரியும். தடித்த கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி ஷீட்டை நனைத்துப் போட்டு, எட்டு வடிவில் பொறுமையாகத் தேய்த்தால் சமமாகிவிடும். தேய்க்கத் தேய்க்க ஓ-ரிங் காடியின் ஆழம் குறையும், அதனால் சமமானதும் நிறுத்திவிட வேண்டும். நட் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஓ-ரிங் அமுங்கியபின் இன்னும் ஒரு சிறு திருப்பு, போதும். ஹெட்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே பேக்கலைட் ஸ்பேசர் இருந்தால் அதன் இரண்டு முகத்தையும் இதேபோல் பாருங்கள்.

ட்யூனிங் இதற்குப் பிறகுதான். அதற்கும் முன்னால் இக்னிஷன் பாயிண்ட் கேப், தீப்பொறி விழும் டைமிங், வால்வு டேப்பெட் மூன்றும் சரியாக இருக்க வேண்டும் (புல்லட்டில் டேப்பெட் குளிர்ந்த நிலையில் இடைவெளி இல்லாமல், ஆனால் புஷ்ராடு விரலில் சுழல வேண்டும்). வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவை மெதுவாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து முன்னும் பின்னும் திருப்பி வேகம் உச்சமாகும் இடத்தைப் பிடித்து, ஸ்லோ ஸ்க்ரூவை இறக்க வேண்டும். மூடமூட வேகம் கூடிக்கொண்டே போனால் பைலட் ஜெட் சின்னது, திறக்கத் திறக்கக் கூடினால் பெரியது. ஆக்சிலேட்டரின் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் திறப்பு வரை கலவையைத் தீர்மானிப்பது ஸ்லைடின் வெட்டு, காலிலிருந்து முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட். நகரத்தில் ஓட்டுகிற நாம் மெயின் ஜெட் பக்கம் போவதே அபூர்வம், ஆனால் எல்லோரும் முதலில் மாற்றுவது அதைத்தான்.

மிக்கார்பில் ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. கடையில் கிடைக்கும் ரிப்பேர் கிட்டுகளில் நீடில் வரும், நான் வாங்கியவற்றில் நீடில் ஜெட் வந்ததில்லை. நீடில் உரசி உரசி முட்டைவடிவமாகும் துளை அதுதான், மைலேஜ் குறைவதும் அங்கேதான். டூப்ளிகேட் ஜெட்டுகளில் அச்சிட்ட எண்ணையும் நம்ப முடியவில்லை, ஒரே எண் போட்ட இரண்டு ஜெட்டை சிரிஞ்சில் மாட்டிப் பெட்ரோல் விட்டுப் பார்த்தால் வடியும் நேரம் வேறு வேறாக இருக்கிறது. ஆமலில் ஜெட் எண் என்பது நிமிஷத்துக்கு எத்தனை சி.சி. பாயும் என்ற கணக்கு, இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், விலை கூடுதல்தான், ஆனால் சொன்னது சொன்னபடி இருக்கிறது.

இப்போது பங்க்கில் வரும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெட்ரோல் எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். ஆகவே அதே ஜெட்டில் கலவை மெலிகிறது (காற்று கூடிவிடுகிறது), ஃபிளேஞ்சில் சின்ன லீக் இருந்தாலும் முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நான் பைலட்டை ஒரு அளவு ஏற்றி, நீடிலை ஒரு காடி உயர்த்தி, ஓ-ரிங்குகளை எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றிவிட்டேன். நிறுத்திவைக்கும் வண்டி என்றால் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்துவிடுங்கள், துத்தநாக உடம்பில் வெள்ளைப் பொடி படிகிறது.

சரி, எது போடுவது? ஸ்டார்ட்டிங், ஐட்லிங், மலை, மழை, மைலேஜ், விலை என்று எதில் பார்த்தாலும் மிக்கார்ப்தான் முன்னால் நிற்கிறது. தினம் ஆபீஸுக்கு ஓட்டுபவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்வேன். ஆனால் நண்பருக்கு நான் சொன்னது மோனோபிளாக். அந்த இன்ஜினோடு பிறந்த பொருள் கையில் இருக்கும்போது அதைப் பெட்டியில் போட்டு வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. மோனோபிளாக்கின் டிக்கிளர் பொத்தானை அமுக்கி விரலில் பெட்ரோல் வழிந்தபின் உதைத்து, அந்தப் பழைய நிதானத்தில் இன்ஜின் பிடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை மிக்கார்ப் எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. என் வண்டியிலும் இந்த மாதம் மோனோபிளாக்கைத் திரும்ப மாட்டப்போகிறேன். நட்டை நானே முறுக்கிக்கொள்கிறேன், இனி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கார்பரேட்டர் பக்கம் யாரையும் கை வைக்க விடுவதாக இல்லை.